இரண்டு குரல்

இப்போது போகாதீங்க தம்பி. செருப்பைக் கழற்றினது சரி, ஆனால் இப்போது போகாதீங்க. நிழலைப் பாருங்க, காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. உச்சிப் பொழுதில் இந்தக் காட்டுக்குள் யாரும் கால் வைப்பதில்லை. நிழல் கொஞ்சம் கிழக்கே சாயட்டும், அப்புறம் போங்க. அதுவரைக்கும் இந்த இலுப்பை அடியில் உட்காருங்க. கல்லில் வேண்டாம், சுடும். இந்தச் சாக்கைப் போட்டுக்கொள்ளுங்க.

கற்பூரம் வேண்டுமா? தேங்காய்? வேண்டாமா. சரி, விடுங்க. இன்றைக்குப் புதன்கிழமை. செவ்வாய், வெள்ளியில்தான் உள்ளே இருக்கிற கோயிலுக்கு ஆள் வரும். நீங்க என்ன, கேமராவை மாட்டிக்கொண்டு சும்மா பார்க்க வந்தீங்களா?

சும்மா. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாது. தப்பாக நினைக்காதீங்க. உங்களைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இந்தக் காட்டுக்குள் சும்மா போனவர் கிடையாது. நேர்த்திக்கடன் இருந்தால் போவோம். ஆடு தப்பி உள்ளே போனால் தேடிப் போவோம். வேலை முடிந்தால் திரும்பிவிடுவோம். சும்மா போனவள் ஒருத்திதான். அவள் என் மருமகள்.

சொல்கிறேன். நிழல் சாய இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் நீங்க தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது, உள்ளே போகிற ஆள் என்பதால் சொல்கிறேன். உள்ளே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட வேண்டுமானால் கம்பால் மரத்தைத் தட்டணும். கேட்டவர் பதிலுக்குத் தட்டுவார். குரல் கொடுத்தால் அது கேட்டு வைத்துக்கொள்ளும். அது என்றால் எது என்று கேட்காதீங்க, நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டு வைத்துக்கொண்டு, அதே குரலில் அது நம்மைக் கூப்பிடும். ஆனால் இரண்டு தடவைதான் அதனால் முடியும். மூன்றாவதுக்கு அதற்கு மூச்சு கிடையாது. மூன்றாவது குரல் மனுசருக்குத்தான் வரும். அதனால் உள்ளே உங்களை யார் கூப்பிட்டாலும், பெற்ற தாயின் குரலாகவே இருந்தாலும், இரண்டு குரலுக்கு வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவது வந்தால் தாராளமாகப் பதில் சொல்லலாம். ஓடிப் போய்த் தூக்கலாம். ஒன்றும் ஆகாது.

சிரிக்கிறீங்க. சிரிங்க. அவளும் சிரித்தாள்.

திருச்சிப் பெண் தம்பி அவள். காலேஜ் படித்தவள். பேரா? இங்கே வைத்துச் சொல்லக் கூடாது என்று இப்போதுதானே சொன்னேன். சாலைக்கு அந்தப் பக்கம் போன பிறகு கேளுங்க, சொல்கிறேன். என் மகன் குணசீலன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், டைல்ஸ் லோடு. எனக்கு அவன் ஒருத்தன்தான். அவன் அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. ஆவணியில் கல்யாணம் முடித்தோம். நல்ல பெண்தான், குறை சொல்லமாட்டேன். நிறம் கொஞ்சம் மட்டு. சமையலில் புளி தூக்கலாகப் போடுவாள். மற்றபடி நல்ல பெண்.

புது இடத்தில் பேச்சுத்துணை இல்லாமல் வாடிவிடுவாளே என்று நான் காலையில் எழுந்ததிலிருந்து அவளோடு பேசிக்கொண்டே இருப்பேன். அவள் பாத்திரம் துலக்கினால் பக்கத்தில் நின்று பேசுவேன். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேசுவேன். எங்கள் வீட்டுக் கதை, என் நாத்தனார் செய்த அநியாயம், எல்லாம் சொல்வேன். ஒரு நாழிகை அவளைத் தனியாக விட்டதில்லை. அப்படி ஒரு மாமியார் யாருக்குத் தம்பி கிடைக்கும்?

ஒரு நாள் பார்க்கிறேன், காட்டுக்குள்ளிருந்து வருகிறாள். தலையில் ஒரு பழுத்த இலை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"எங்கடி போனே?"

"சும்மா உள்ளே போயிட்டு வந்தேன் அத்தை."

"உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை அத்தை. அதான் நல்லா இருக்கு."

ஒன்றும் இல்லை, அதனால் நன்றாக இருக்கிறதாம். எனக்கு என்ன புரியும்? கோயில் பூசாரி வேளாரிடம் போய்ச் சொன்னேன். மண்குதிரை செய்கிற வேளார் குடும்பம்தான் இங்கே பூசை. அவர், "புதுப் பொண்ணு. முறை தெரியாது. நீதான் சொல்லி வைக்கணும்" என்றார். அன்றைக்கே அவளை உட்கார வைத்து, இப்போது உங்களுக்குச் சொன்னேனே, அதே மாதிரி எல்லாம் சொன்னேன். கம்பு, மரம், இரண்டு குரல், மூன்றாவது குரல். அவள் கேட்டுவிட்டு, "ரெண்டாவதோட தொண்டை கட்டிக்கிட்டா என்ன அத்தை செய்யறது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். திருச்சிக்காரிகளுக்கு வாய் அதிகம்.

ஆனால் சொல்லிக் கொடுத்தேன். அதை நீங்க ஞாபகம் வைத்துக்கொள்ளணும். சொல்லிக் கொடுக்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

ஐப்பசியில் ஒரு நாள். முதல் நாள் நல்ல மழை, அன்றைக்கு வெறித்திருந்தது. எங்களுக்குள் சண்டை எல்லாம் கிடையாது. காலையில் இட்லிக்குச் சாம்பார் வைத்திருந்தாள். புளி அதிகம் என்று சொன்னேன். அவ்வளவுதான். கொஞ்சம் நீட்டிச் சொன்னேன் என்பான் குணசீலன். அவன் லோடு ஏற்ற வெளியே போயிருந்தான், அவனுக்கு என்ன தெரியும்? அவள் கையைக் கழுவிவிட்டுப் போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கோபமாக இருப்பாள் என்று நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். வெயில் இறங்கி, குணசீலனும் வந்துவிட்டான், அவளைக் காணோம். செருப்பு இதோ இந்த இடத்தில் கிடந்தது. நீங்க கழற்றி வைத்திருக்கிறீங்களே, இதே இடம்.

நானும் குணசீலனும் வேளாரும் உள்ளே போனோம். மூன்று பேர் கையிலும் கம்பு. தட்டிக்கொண்டே போனோம். நீங்க போகும்போது பார்ப்பீங்க, உள்ளே போனதும் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். பாலை மரமும் வீரை மரமும் மேலே பின்னிக்கொண்டிருக்கும். வெயில் தரைக்கு வராது. சத்தமும் அப்படித்தான். நாம் தட்டினது நமக்கே வேறு பக்கத்திலிருந்து கேட்கும். தட்டினோம். பதில் இல்லை. அவளுக்குத் தட்டத் தெரியாது என்று குணசீலன் சொன்னான். "பேரைச் சொல்லிக் கூப்பிடறேம்மா" என்றான். "வாயைத் திறந்தே, அப்புறம் நான் உனக்கு அம்மா இல்லை" என்றேன். அடங்கிவிட்டான்.

கோயிலைத் தாண்டிப் பின்பக்கம் போனால், அந்தக் காலத்தில் கோயில் மதிலுக்குச் செம்புறாங்கல் வெட்டி எடுத்த குழிகள் இருக்கின்றன. மேலே காரைப் புதரும் கொடியும் மூடிக் கிடக்கும். அங்கே போகும்போது கால் பத்திரம் தம்பி. கல் மழைக்கு வழுக்கும். நாங்கள் அதுவரைக்கும் போகவில்லை. கோயில் பின்சுவருக்குப் பக்கத்தில் நிற்கிறோம். அப்போது கேட்டது.

"அத்தை."

அவள் குரல்தான். அச்சு அசல் அவள் குரல். கொஞ்சம் கம்மியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"அத்தை."

குணசீலன் பாய்ந்தான். நான் அவனை இழுத்துப் பிடித்து வாயைப் பொத்தினேன். வேளார் ஒரு கையைத் தூக்கி, பொறு என்று காட்டினார். நின்றோம். மூன்றாவதுக்குக் காத்திருந்தோம். இதைத்தான் தம்பி எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஏதோ கேட்டதும் திரும்பி ஓடிவந்துவிட்ட மாதிரி பேசுகிறார்கள். நாங்கள் காத்திருந்தோம். நன்றாகக் காத்திருந்தோம். இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதும் ஒரு தவளை கத்துவதும்தான் கேட்டது. மூன்றாவது வரவில்லை.

இதோ, இந்தக் கையைப் பாருங்க. உள்ளங்கை ஓரத்தில், பிறை மாதிரி. தெரிகிறதா? பெற்ற மகன் கடித்தது. பத்து மாதம் சுமந்தவளின் கையைப் பல் பதியக் கடித்தான். இரத்தம் அவன் சட்டையில் வழிந்தது. கையை எடுத்தேனா? எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவன் பதில் குரல் கொடுத்திருப்பான். கொடுத்திருந்தால் இன்றைக்கு அவன் இருப்பானா? அவன் உயிரை இந்தக் கையால் பிடித்துவைத்தேன். அவன் அதற்குக் கொடுத்தது இது.

வேளார் சொன்னார்: "ரெண்டுதான். இது அந்தப் பொண்ணு இல்லை. திரும்பிப் பார்க்காம நடங்க."

நடந்தோம்.

இப்போது யோசித்துப் பாருங்க. உள்ளே கூப்பிட்டது அவள் இல்லை. அப்படியானால் அவள் காட்டில் இல்லை. காட்டில் இல்லை என்றால் வேறு எங்கே? சாலைக்குத்தான் வந்திருக்கணும். டீக்கடைக்காரரும், சுடிதார் போட்ட ஒரு பெண் மத்தியானம் அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினதைப் பார்த்தேன் என்றார். குணசீலன், "செருப்பு இங்கே கிடக்கேம்மா" என்றான். கோபத்தில் போகிறவளுக்குச் செருப்பு ஞாபகம் வருமா? அவள் வீட்டுக்குப் போன் போட்டோம். வரவில்லை என்றார்கள். அம்மா வீட்டுக்கும் போகவில்லை என்றால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும். நான் பேசவில்லை. ஊர் பேசியது. நான் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு இரவும் மழை. மறுநாள் குணசீலன் அறந்தாங்கி, புதுக்கோட்டை என்று பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக அலைந்தான். சம்பந்தி அம்மாள் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தார்கள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை. காட்டுக்குள் யாரும் போகவில்லை. எதற்குப் போகணும்? அங்கேதான் அவள் இல்லையே.

அதற்கு மறுநாள் காலையில் ஒரு கீதாரி கண்டுபிடித்தான். ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள். வயலில் செம்மறிக் கிடை போட்டிருந்தான். ஆடு ஒன்று உள்ளே போய்விட்டது என்று தேடிப் போயிருக்கிறான். குழிப் பக்கமிருந்து ஏதோ முனகல் மாதிரி. உடனே, "யாரு ஆத்தா அது?" என்று கேட்டானாம். முதல் குரலுக்கே! எண்ணவும் இல்லை, நிற்கவும் இல்லை. விவரம் தெரியாத ஆள். புதரை விலக்கி, இறங்கி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டான். வேளார் அவனுக்குத் திருநீறு போட்டு அனுப்பினார். நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் ஆடு மேய்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. வீங்கிப்போய்த் தண்ணீர் கோத்திருந்தது. இப்போது ஒரு கால் குட்டை, சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். டாக்டர் குணசீலனைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாராம். அவன் என்னிடம் சொல்லவில்லை. நர்ஸ் சொல்லித்தான் தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி? நாள் தள்ளியிருந்தது அவளுக்கே தெரியாதாம். அதை விடுங்க.

ஆஸ்பத்திரியில் அவள் கண் முழித்ததும், எல்லோரும் சுற்றி நிற்கும்போது, மெதுவாகச் சொன்னாள். குரல் அப்போதும் சரியாக வரவில்லை.

"காலையிலேருந்து கத்தினேன். சாயங்காலம் தட்டற சத்தம் கேட்டுச்சு. அத்தை பேசறது கேட்டுச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டேன். அப்புறம் குரல் எழும்பலை."

நான் சொன்னேன்: "இன்னும் ஒரே ஒரு குரல் கொடுத்திருக்கலாமேடி. உனக்குத்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேனே."

எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். சம்பந்தி எழுந்து வெளியே போய்விட்டார். நான் சொன்னதில் என்ன தம்பி தப்பு? சொல்லிக் கொடுத்தேனா, இல்லையா? நீங்களே சொல்லுங்க.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் இரண்டு தடவை கூப்பிட்டேன் என்கிறாள். சரி. நாங்கள் கேட்டது அதுதான் என்று யார் கண்டது? அதுவும் அதே நேரத்தில் கூப்பிட்டிருக்கலாம். அவள் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்காமல் போயிருக்கலாம். வேளாரும் அப்படித்தான் சொல்கிறார். அதாவது, நான் கேட்டேன், அவர் தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது அவள் அப்பா அம்மா திருச்சிக்குக் கூட்டிப்போகக் கார் கொண்டுவந்திருந்தார்கள். குணசீலன் திருப்பூரில் வீடு பார்த்திருந்தான், அங்கே போய்விடலாம் என்றான். அவள் இரண்டுக்கும் மாட்டேன் என்றாள். "நீங்க போங்க. நான் அத்தையோட இருக்கேன்" என்றாள். அங்கிருந்த நர்ஸ் எல்லாம் அசந்து போனார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மருமகளா என்று. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஊருக்கு வருகிற வழியில் ஆட்டோவில் யோசித்துப் பார்த்தேன். அதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். கட்டுப் போட்டிருந்த கையை.

அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள். எல்லா வேலையும் செய்கிறாள். நொண்டிக்கொண்டே தண்ணீர் தூக்குகிறாள், நான் வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. சாம்பாரில் புளி இப்போது சரியாக இருக்கிறது. பக்கத்து வீட்டாரிடம் சிரித்துப் பேசுகிறாள். என்னிடமும் பேசாமல் இல்லை. "சோறு ஆச்சு" என்பாள். "தண்ணி வருது" என்பாள். ஆனால் கூப்பிடமாட்டாள். அத்தை என்கிற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து எத்தனையோ நாளாகிறது. எனக்குச் சொல்லவேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். நான்தான் பேசுகிறேன். முன்னை மாதிரியே பேசுகிறேன். இப்போதெல்லாம் நான் பேசினால் வீடு எதிரொலிக்கிற மாதிரி இருக்கிறது.

கால் ஊன்ற முடிந்ததும் மறுபடி காட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அதுவும் உச்சிப் பொழுதில். வேளார் மறித்து, "உச்சியில உள்ளே போகக் கூடாது ஆத்தா" என்றார். அவள் நின்று, மரியாதையாக, "ரெண்டு உச்சி அங்கேதான் கிடந்தேன் ஐயா" என்றாள். அவர் ஒதுங்கிவிட்டார். பூசாரி ஒதுங்கின பிறகு நான் என்ன சொல்வது?

முதல் நாள் அவள் உள்ளே போனபோது நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எங்கள் கொல்லைக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு தரிசுதான். குணசீலன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்போது கேட்டது.

"அத்தை."

கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை."

அன்றைக்குக் கேட்ட அதே குரல். அதே மாதிரி கம்மல். நடுவில் அதே இடைவெளி. ஈரத்துணி கையிலிருந்து மண்ணில் விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். மூன்றாவது வரவில்லை.

சாயங்காலம் வந்தாள். நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"நீயாடி கூப்பிட்டே?"

"எப்போ?"

"மத்தியானம். உள்ளேயிருந்து."

"எத்தனை தடவை கேட்டுச்சு?"

"ரெண்டு."

"அப்ப நான் இல்லை" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

கேட்டீங்களா? அவள் வாயாலேயே சொல்கிறாள், நான் இல்லை என்று. இதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன். குணசீலனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பாரு, உன் பெண்டாட்டியே சொல்றா. ரெண்டு குரல் வந்தா அவ இல்லை." அவன், "சரிம்மா. ஒருநாள் மூணாவது வந்துச்சுன்னா? இது அவ குரல்தான்னு அப்பவாச்சும் ஒத்துக்குவியா? அன்னிக்குக் கூப்பிட்டதும் அவதான்னு?" என்று கேட்டான்.

நான் என்ன சின்னப் பிள்ளையா? "வரட்டும். மூணாவது வந்தா நான் எழுந்து போவேன். உச்சியா இருந்தாலும் போவேன். போய் அவ முன்னால நிப்பேன். அவ என்ன கேட்டாலும் பதில் சொல்வேன்" என்றேன். அவன் அந்த வாரமே திருப்பூருக்குப் போய்விட்டான். அவளுக்குத் தினமும் போன் வருகிறது. எனக்கு வருவதில்லை. அவள் பேசும்போது பக்கத்தில் போய் நிற்பேன். "இருக்காங்க" என்பாள். அது என்னைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு தினமும் இதுதான். உச்சிக்கு உள்ளே போவாள். இரண்டு குரல் வரும். நிற்கும். ஒரு நாளும் தவறியதில்லை, ஒரு நாளும் மூன்றானதில்லை.

இப்போதா? இப்போதும் உள்ளேதான் இருக்கிறாள். அந்தக் குழி ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அதற்காக நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதீங்க. வியாபாரத்துக்குத்தான். புதன்கிழமையும் ஆள் வரலாம் இல்லையா, நீங்க வந்திருக்கிறீங்களே. வீட்டில் இருந்தால் குரல் சரியாகக் கேட்காது, அதுவும் ஒரு காரணம்தான். மூன்றாவது வந்து, நான் கேட்காமல் போய்விட்டால் அது என் பேரில் தப்பாகிவிடும். நான் தப்பு செய்கிறவள் இல்லை. முறை என்றால் முறை. இரண்டுக்கு அசையமாட்டேன், மூன்றுக்கு நிற்கமாட்டேன். வேளாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் காதுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. அதோ, அது செம்போத்து. அந்தக் கொட்டு மாதிரி விட்டுவிட்டுக் கேட்கிறதே, அது குக்குறுவான் குருவி. தரிசில் மயில் அகவினால் எந்த மரத்தடியில் என்று சொல்லிவிடுவேன். இந்த வயதில் யாருக்குத் தம்பி இப்படிக் காது இருக்கும்?

ம்.

கேட்டீங்களா?

மயில் இல்லை தம்பி. மயில் இப்படி அகவாது. மயில் குரல் கடைசியில் ஏறும், இது இறங்குகிறது. நன்றாகக் கேளுங்க. பேசாதீங்க. கேமராவைக் கீழே வையுங்க, அந்த வார் உரசுகிற சத்தம் கேட்கிறது.

ம். இரண்டு.

அவ்வளவுதான். இன்றைக்கு முடிந்தது. நான் சொன்னேனா இல்லையா? நீங்களே கேட்டுவிட்டீங்க. ஊரில் என்னை யாரும் நம்புவதில்லை, வெளியூர் ஆள் நீங்க ஒருத்தர் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. இனிமேல் நாளைக்குத்தான். முகம் ஏன் இப்படி வெளுத்துவிட்டது? தண்ணீர் குடிங்க. இந்தச் செம்பில் இருக்கிறது, நல்ல தண்ணீர்தான். நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? காது. என் நாத்தனாருக்கு என்னைவிட நான்கு வயது குறைவு, இடி விழுந்தாலும் கேட்காது. போன வருசம் அவள் பேரன் காதுகுத்துக்கு...

என்ன?

எதற்கு எழுந்தீங்க? உட்காருங்க. அங்கே என்ன பார்க்கிறீங்க?

விரலை மடக்குங்க தம்பி. எதற்கு மூன்று விரலைக் காட்டுகிறீங்க? இரண்டுதான். நான் எண்ணினேனே. நீங்க புதுசு, உங்களுக்குக் குரல் பிடிபடாது. முதலில் கேட்டது மயில். ஆமாம், மயில்தான். உச்சி வெயிலில் அது அப்படித்தான் இறக்கி அகவும். மயிலைக் கழித்துவிட்டால் இரண்டு. எப்போதும் போல இரண்டுதான். என் காதைவிடவா உங்கள் காது?

கையை விடுங்க. நான் எங்கே வருவது? உச்சியில் நான் உள்ளே வரக் கூடாது. கடை இருக்கிறது. கற்பூரத்தைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் காற்றில் கரைந்துவிடும். சாய்ந்துவிட்டதா? எங்கே? ஆமாம், நிழல் சாய்ந்துவிட்டது. உங்களுக்கு நேரம் ஆகிவிட்டது, நீங்க போங்க. போட்டோ எடுக்கத்தானே வந்தீங்க. நேரே போனால் கோயில். மண்குதிரையைத் தொடாதீங்க. பின்பக்கம் கல் வழுக்கும், பார்த்துக் கால் வையுங்க.

அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். அவளாக ஏதாவது கேட்டால், வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டால், கற்பூரம் விற்கிற ஒருத்தி, அவளுக்குக் காது கேட்காது என்று சொல்லிவிடுங்க.